பாடப்பெறாத ஒப்பாரி: கண்டிச் சீமைக் குடும்பங்களில் தலைமுறைத் துயரும் அதன் ஆறுதலும்

முன்னுரை

பொருநையாறு கடலை அணுகும் பகுதியில் தமிழிலக்கிய வரலாறு இரண்டு மௌனங்களைப் போற்றி வைத்துள்ளது. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர் ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்து, திருச்செந்தூரில் முருகன் திருமுன்னர்ப் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர். அதற்கு அணித்தேயுள்ள ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் பேசாதிருந்த நம்மாழ்வார், மதுரகவியார் வந்து வினாவொன்று தொடுத்த பின்னரே விடை கூறினார் என்பது குருபரம்பரைச் செய்தி. இவ்விரு வரலாறுகளும் ஓர் உண்மையை உணர்த்துவன. பேசாமை எல்லாம் சொல்லின்மை ஆகாது. கேட்பாரைப் பெறாது உள்ளே தங்கி நிற்கும் சொல்லும் மௌனமாகவே தோன்றும்.

இதே ஆற்றங்கரைச் சிற்றூர்களில் மூன்றாவது மௌனம் ஒன்றும் உண்டு. அதனை இலக்கிய வரலாறு இன்னும் குறித்திலது. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்று, இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்து, மீண்டும் இந்நாட்டுக்கு அனுப்பப்பெற்ற குடும்பங்களின் பெண்மக்களுடைய மௌனமே அது. தாய் பட்ட துயர் அவள் சொல்லாமலே மகளைச் சேர்வது எவ்வாறு? மகளிடமிருந்து பெயர்த்தியைச் சேர்வது எவ்வாறு? சேர்ந்த துயர் ஆறுவது எவ்வாறு? இவ்வினாக்களைத் தாலாட்டு, ஒப்பாரி என்னும் இரு பாடல் வகைகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துயரின் இலக்கணம்

ஒரு தலைமுறை பட்ட பெருந்துன்பத்தின் சுவடு அதனை நேரிற் காணாத அடுத்த தலைமுறையிடத்தும் தோன்றும் என்னும் கருத்து மேலைநாட்டு உளநூலாரால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிவாக ஆராயப்பட்டது. நாசியரின் வதைமுகாம்களில் உயிர்தப்பிய யூதர்களின் மக்களிடத்துக் காணப்பட்ட மனத்துயரைக் கனடா நாட்டு மருத்துவர் விவியன் ரேக்காஃப் 1966இல் எடுத்துரைத்தார். குழந்தை உளநூலறிஞர் செல்மா ஃப்ரைபர்க் 1975இல் உடனாய்வாளருடன் வெளியிட்ட கட்டுரை ஒன்று நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. சில தாயர் தம் குழந்தை வீறிட்டு அழுதாலும் அவ்வழுகை செவியில் விழாதார்போல் இருத்தலை அவர் கண்டார். அத்தாயரின் இளமைக்கால அழுகையை எவரும் கேட்டிலர். அதனைப் பரிவோடு கேட்பார் ஒருவர் வாய்த்த பின்னர், அவர்கள் தம் குழந்தையின் அழுகையைக் கேட்கத் தொடங்கினர் என்பது அவர் கண்ட முடிவு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறிய மெக்சிக்க, நடு அமெரிக்கக் குடும்பங்களின் பெண்மக்களைப் பற்றியும் இத்தகைய ஆய்வுகள் பெருகியுள்ளன. அவர்களிடையே வழங்கும் பழங்கதை ஒன்றில், மக்களை இழந்த தாய் ஒருத்தி நீர்க்கரையில் இரவெல்லாம் அழுது திரிகின்றாள். தாயர் அக்கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர். அவ்வினத்து எழுத்தாளரான குளோரியா அன்சால்டுவா 1987இல் வெளியிட்ட நூலில், இரு நாட்டு எல்லைக்கோட்டையே ஆறாத புண்ணாக உருவகித்தார். எல்லை கடந்தவளின் துயர் பாட்டாகவும் கதையாகவும் அடுத்த தலைமுறையைச் சேர்தல் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் தமிழாய்வாளர் இதற்குரிய அளவுகோலை வெளியே தேட வேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தது. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. சுற்றமும் உடைமையும் நீங்குதல் இழவு. முன்னிருந்த நிலை பிறழ்ந்து வருந்துதல் அசைவு. நுகரப்பெறாமை வறுமை. மெய்ப்பாடு தன்கண் தோன்றுதலையும் பிறன்கண் தோன்றுதலையும் உரையாசிரியர் பேசுவர். தாயின் இழவை மகள் அழுவாளாயின், அது தன்கண் தோன்றியதா, பிறன்கண் தோன்றியதா? அவ்விழவை அவள் கண்டிலள். ஆதலின் தன்னது என்றல் இயலாது. அவள் உடலும் உள்ளமும் அதனைச் சுமக்கின்றன. ஆதலின் பிறனது என்றலும் இயலாது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட இந்நிலையே தலைமுறைத் துயர் எனத்தகும்.

கண்டிச் சீமை வரலாறு

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கிய 1820களிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஆங்குச் செல்லலாயினர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய பகுதியினர் இவர்கள். ஊரார் வழக்கில் அந்நிலம் 'கண்டிச் சீமை' எனப்பட்டது. தொடக்கத்தில் பெரும்பாலும் ஆடவரே சென்று, காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் மீண்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களுள் பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர்.

1869இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அடுத்துவந்த ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் குடும்ப வரலாற்றைத் திருப்பிய மாற்றமாகும். காப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பெறுவது. எனவே தோட்டத்தார்க்கு நிலையாகத் தங்கும் குடும்பங்கள் வேண்டியிருந்தன. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டியிருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் மக்களைப் பெயர்த்தது. பொருநைக் கால்வாய் பாயும் வயற்புறத்திலும் நிலமில்லாத உழைப்பாளிக்கு ஊர் நிலையான வாழ்வு தரவில்லை. தெற்கே பரந்த செம்மண் தேரிக் காட்டில் வானம் பொய்த்தால் வேறு வழியே இல்லை. கங்காணி கொடுத்த முன்பணம் வழிச்செலவாயிற்று; வழிச்செலவே கடனாயிற்று; அக்கடன் தோட்டத்தை விட்டு அகல ஒட்டாத தளையாயிற்று. தூத்துக்குடித் துறைமுகமும், பின்னர் 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பல் வழியும் இவர்கள் சென்ற வாயில்கள்.

லயம் என்னும் வரிசை வீட்டின் ஓர் அறையே ஒரு குடும்பத்தின் இல்லம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துத் தாய் மலையேறுவாள். குழந்தை பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விடப்படும். பெண் ஈட்டிய கூலியைத் தந்தையோ கணவனோ சென்று வாங்குதலே பெருவழக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. இவ்வெண்கள் குடும்பங்களின் நடுவே வாளாக இறங்கின. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற, தங்கை இலங்கைக் குடியாக நின்றாள். தாயகம் திரும்பியோருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பெற்றனர். சிலர் முன்னோர் ஊரைத் தேடி வந்தனர். ஆங்கு 'கள்ளத்தோணி' என்று இகழப்பட்டவர், ஈங்குச் 'சிலோன்காரர்' என்று விலக்கப்பட்டனர்.

மெய்ப்பாட்டியல் வகுத்த நான்கும் இவ்வரலாற்றில் ஒருங்கே நிற்றல் வெளிப்படை. இகழ்ச்சிப் பெயர்கள் இளிவு. வழியில் மாண்டோரும் கடலுக்கு அப்பால் நின்றோரும் இழவு. இரு நாட்டிலும் வேற்றாளாதல் அசைவு. லயத்து வாழ்க்கை வறுமை.

தாலாட்டு: துயரைக் கொடுக்கும் பாட்டு

தமிழ்த் தாலாட்டின் அமைப்புள் முதன்மையானது சுற்றத்தாரை அடுக்கிக் கூறுதல். மாமன், அத்தை, பாட்டன், பாட்டி எனக் குழந்தையின் உறவினர் ஒவ்வொருவரும் பாட்டில் வந்து, அடித்தாரோ எனக் கேட்கப்படுவர். அன்றேல் சீர் கொண்டு வருவர். இவ்வடுக்கினை அணி என்றும் மரபுத்தொடர் என்றும் கூறி அமைதல் ஆய்வாளர் இயல்பு. ஊரிலிருந்து பாடும் தாய்க்கு அது பொருந்தும். அவள் பாடும் மாமன் அடுத்த தெருவில் வாழ்கின்றான். பாட்டு முடியுமுன் அவனே வாயிலில் வந்து நிற்றலும் கூடும்.

லயத்து அறையில் பாடும் தாய்க்கோ அம்மாமன் கடலுக்கு அப்பால் உள்ளான். உயிரோடு உள்ளானா என்பதும் அறியாள். பாட்டின் அமைப்பு மாறவில்லை. ஆயின் அதன் தொழில் மாறிவிட்டது. ஊர்த் தாலாட்டில் கொண்டாட்டமாக இருந்த சுற்றப்பட்டியல், இங்கு இல்லாதார் பட்டியலாகின்றது. குழந்தை தன் மொழியைக் கற்குமுன், தான் காணாத மாந்தரின் பெயர்களைக் கற்கின்றது. அவற்றோடு, அப்பெயர்களைச் சொல்லும்போது தாயின் குரல் தாழ்தலையும் கற்கின்றது. பொருள் விளங்காது, குரல் விளங்கும். சொல்லாமற் சொல்லப்படும் துயர் இவ்வழியே கைமாறுகின்றது.

பகலெல்லாம் குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருத்தலின், தாயும் சேயும் தனித்திருக்கும் பொழுது இரவு ஒன்றே. அவ்விரவுப் பாட்டே தாய் தன் வரலாற்றைக் கூறப் பெற்ற ஒரே வாயில் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் தாலப் பருவத்திற் போற்றிய அதே நாவசைவு, லயத்து இருளில் ஒரு குடும்பத்தின் ஆவணமாயிற்று.

ஒப்பாரி: துயரை இறக்கும் பாட்டு

தாலாட்டும் ஒப்பாரியும் பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய எதிர்நிலைப் பாடல்கள் எனப் பாடநூல்கள் கூறும். இரண்டனையும் பாடுபவள் ஒருத்தியே என்பதையும், இரண்டிலும் வருவது ஒரே சுற்றப்பட்டியல் என்பதையும் நினைத்தால், இவை ஒரே பாட்டின் இரு முகங்கள் எனத் துணியலாம். தாலாட்டைக் கேட்பது பொருளறியாக் குழந்தை. ஒப்பாரியைக் கேட்பதோ, தோளைக் கட்டிக்கொண்டு உடனழும் பெண்டிர் வட்டம். முன்னது துயரைக் கொடுக்கும். பின்னது பலர் தோளில் இறக்கி வைக்கும்.

ஒப்பாரியின் தனித்தன்மை மற்றொன்று உண்டு. பிறர் வீட்டு இழவில் தன் பழைய இழவை அழுதற்கு அது பெண்ணுக்கு உரிமை தருகின்றது. மாமியார் கொடுமை, பிறந்த வீட்டார் கைவிட்டமை, இளமையில் இறந்த பிள்ளை என எதனையும் அவள் அங்கே பாடலாம், எவரும் தடுப்பதில்லை. ஊர்ப்பெண்களுக்கு இது காலந்தோறும் கிடைக்கும் வடிகால்.

கண்டிச் சீமைக் குடும்பங்களில் இவ்வடிகால் அடைபட்டது. தாய் ஊரில் இறந்தாள் என்னும் செய்தி மகளுக்குக் கடிதத்தில் வந்தது. நாடு திரும்பிய தாய்க்கோ மகளின் சாவு கடிதத்தில் வந்தது. அதுவும் வாரங்களோ திங்களோ கழிந்த பின்னர். பிணம் இல்லை, நீர்மாலை இல்லை, கூடியழும் வட்டம் இல்லை. மறுநாட் காலையில் வேலைக்குச் செல்லவேண்டும். ஒப்பாரி என்பது ஒருத்தி தனித்திருந்து பாடும் பாட்டன்று. முகத்தைக் கண்டு, பலர் நடுவே பாடுவது. முகமும் இல்லை, பலரும் இல்லை எனின், பாட்டு தொண்டையிலேயே நின்றுவிடும். பாடப்பெறாத அவ்வொப்பாரியே தலைமுறைத் துயரின் வித்து என்பது இக்கட்டுரையின் முடிபு. பாடியிருந்தால் அது முதல் தலைமுறையோடு தணிந்திருக்கும். பாடப்பெறாமையின், தாலாட்டின் வழியே அடுத்த தலைமுறைக்கு இறங்கியது.

ஒரு குடும்பச் சான்று

இம்முடிபுக்கு அடிப்படையான சான்று ஒன்றனை ஈண்டுக் கூறுதல் வேண்டும். அது இக்கட்டுரையாளரின் குடும்பத்தைச் சார்ந்தது. ஆய்வாளர் தம்மைப் பற்றிக் கூறுதல் மரபன்று எனினும், சான்றின் மூலத்தை மறைத்தல் அதனினும் முறையன்று.

கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டியார் 1970களின் தொடக்கத்தில் இளைய மகளோடு தலைமன்னார் வழியாக இராமேசுவரம் வந்து, ஸ்ரீவைகுண்டத்திற்குத் தெற்கேயுள்ள சிற்றூர் ஒன்றில் குடியமர்ந்தார். மூத்த மகள் இலங்கைக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் மணமுடித்திருந்தமையால் மலைநாட்டிலேயே நின்றார். 1980களில் அம்மூத்த மகள் இறந்த செய்தி இரு திங்கள் கழித்துக் கடிதமாக வந்தது. பாட்டியார் அழவில்லை என்றும், கடிதத்தை மடித்துக் கடவுச்சீட்டுகள் இருந்த தகரப்பெட்டியில் வைத்துவிட்டு அன்றைக்கும் களையெடுக்கச் சென்றார் என்றும் தாயார் கூறுவார்.

அதன்பின் அப்பெட்டி திறக்கப்படவில்லை. ஆயினும் வீட்டில் சில வழக்கங்கள் இருந்தன. தபாற்காரர் வந்தால் தாயார் உள்ளே சென்றுவிடுவார். எவரேனும் வெளியூர் சென்று ஒரு பொழுது தாழ்த்தால் அன்று வீட்டில் அடுப்பெரியாது. துணி மூட்டை ஒன்று எந்நாளும் கட்டியபடியே இருக்கும். இவற்றின் காரணத்தை எவரும் கூறவில்லை, கேட்கவும் இல்லை. பாட்டியார் பாடிய தாலாட்டில் 'பெரியம்மை' ஒருத்தி வருவாள். சிறுபருவத்தில் அவளை நிலா, கிளி முதலியவற்றோடு ஒத்த பாட்டுப் பாத்திரம் என்றே கட்டுரையாளர் கருதியிருந்தார்.

2003இல், முதுகலை மாணவியாய் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுக்கத் தொடங்கிய காலத்தே, பிறரிடம் கேட்கும் வினாவைப் பாட்டியாரிடமும் கேட்க நேர்ந்தது. "ஆச்சி, பெரியம்மைக்கு நீ ஒப்பாரி வச்சியா?" என்று கேட்டபோது அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர், "மொகம் பாக்காம எப்பிடிட்டி அழ?" என்றார். நூல்கள் பல கற்றும் விளங்காத ஒப்பாரியிலக்கணம் அவ்வொரு வினாவில் விளங்கிற்று.

அன்றிரவு அவர் பாடினார். மகளை விளித்துத் தொடங்கிய பாட்டு, வழியில் மாண்ட முன்னோரிடம் சென்று, தம் தாயிடம் சென்று, மீண்டும் மகளிடம் வந்து முடிந்தது. தாயார் எழுந்து வந்து அருகிருந்து கட்டிக்கொண்டார். அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும் வந்து சேர்ந்தனர். ஒலிப்பதிவுக் கருவி பையிலேயே இருந்தது. அதனை எடுக்க மனம் துணியவில்லை. எனவே அப்பாடல் கட்டுரையாளரின் தொகுப்பில் இல்லை. சில நாள் கழித்துத் தாயார் பெட்டியைத் திறந்து அக்கடிதத்தை உரக்கப் படித்தார். துணி மூட்டை எப்போது அவிழ்க்கப்பட்டது என்பது எவர்க்கும் நினைவில்லை. துயர் அற்றுப்போயிற்று என்று கூறுதல் மிகை. அதற்கு ஒரு பெயரும் முகமும் கிடைத்தன என்பதே உண்மை.

புனைகதை தரும் சான்று

திருநெல்வேலிச் சீமையில் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களைப் பாடினார். அப்பாட்டில் வரும் சொற்றொடர் ஒன்றையே தலைப்பாக்கி, 'துன்பக் கேணி' என்னும் நெடுங்கதையை 1935இல் மணிக்கொடியில் எழுதினார் புதுமைப்பித்தன். வாசவன்பட்டி என்னும் நெல்லைச் சிற்றூரில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் அக்கதை, மருதி என்னும் தாயையும் வெள்ளைச்சி என்னும் மகளையும் காட்டுவது. ஒருத்தியின் துன்பத்தை அவளோடு நிறுத்தாது மகளின் வாழ்வுவரை தொடர்ந்து சென்றமையே அதன் தனிச்சிறப்பாகும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவல் தோட்டப் பெண்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. அது 1964இல், மக்களைப் பங்கிட்ட ஒப்பந்தம் எழுந்த அதே ஆண்டில் வெளிவந்தமை நினைவிற் கொள்ளற்குரியது.

கூடி ஆறும் வழிகள்

தனிக்குடும்பத்தில் ஒரு வினாவால் நிகழ்ந்ததனை, மலைநாட்டு மக்கள் ஒரு சமுதாயமாகவும் நிகழ்த்தி வந்துள்ளனர். தோட்டங்கள்தோறும் மாசித் திங்களில் தொடங்கி நடிக்கப்பெறும் காமன் கூத்து அவற்றுள் ஒன்று. சிவன் நெற்றிக் கண்ணால் காமன் எரிந்தபின் இரதி புலம்பும் பகுதியே அக்கூத்தின் உயிர்நிலை. அங்கு ஊரே ஒரு பிணத்தைச் சூழ்கின்றது; ஊரே அழுகின்றது; பின்னர்க் காமன் உயிர்பெற்று எழுகின்றான். முகம் காணாது போன இழவுகளுக்கெல்லாம் ஆண்டுக்கொருமுறை முகம் தரும் சடங்காக இதனைக் கொள்ளுதல் தவறாகாது.

புலம்பலைக் கோரிக்கையாக மாற்றியவர் மீனாட்சி அம்மையார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியாரான இவர், 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் தாம் இயற்றிய பாடல்களைப் பாடினார். இழவு வீட்டு வட்டத்துள் அடங்கியிருந்த பெண்குரல் மேடையேறியமை இவரால் நிகழ்ந்தது. 1947இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, பின்னர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இகழ்ச்சிப் பெயர்களை விடுத்து 'மலையகத் தமிழர்' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டமை இளிவைத் துடைத்த செயல். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கியமை அசைவைத் துடைக்க முயன்ற செயல்.

இருநூறாண்டு நிறைவையொட்டி 2023 சூலை இறுதியில் தொடங்கி ஆகத்துத் திங்களில் முடிந்த நடைபயணம் இவ்வரிசையில் மிகவும் பொருள் பொதிந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே அவர்தம் பெயர்ப்பிள்ளைகள் நடந்தனர். உடலைக் காணாத இழவிற்கு, உடல் வீழ்ந்த வழியையேனும் காணுதல் ஓராற்றான் முகம் காணுதலாகும். பாட்டியார் எழுப்பிய வினாவுக்கு ஒரு மக்கட்கூட்டமே அளித்த விடையாக அதனைக் கருதலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். தலைமுறைத் துயர் சொல்லப்பட்டதனால் அன்று, சொல்லப்படாமையால் கைமாறுகின்றது. தாலாட்டின் சுற்றப்பட்டியல் அது செல்லும் வழி. பாடப்பெறாத ஒப்பாரி அதன் ஊற்று. அவ்வொப்பாரி பாடப்பெறுதற்கு வேண்டுவன இரண்டு: ஒரு முகமும், உடனிருந்து கேட்கும் வட்டமும்.

நாட்டுப்பாடல் ஆய்வில் நெல்லைக்கு நெடிய மரபு உண்டு. நாங்குநேரியிற் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டு வழிகாட்டினார். ஆயினும் ஒரு பக்கம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. மலைநாட்டில் பாடப்பெற்றவை ஓரளவேனும் தொகுக்கப்பட்டன. அவர்கள் விட்டுச்சென்ற ஊர்களில் எஞ்சி நின்ற தாயரும் மனைவியரும் பாடியவையும், திரும்பி வந்தோர் ஈங்குப் பாடாது வைத்திருப்பவையும் தேடப்படல் வேண்டும். 1964க்கும் 1984க்கும் இடையே கப்பலேறி வந்த மகளிருள் வந்தபோது நடுவயதினராய் இருந்தோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். இளம்பருவத்தில் வந்தோரே இன்று முதியோர். இவர்கள் மறைந்தபின் வினவுதற்கு எவருமிலர்.

இப்பணியை மேற்கொள்ளும் முதுகலை மாணவர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். தாலாட்டைப் பதியும்போது, அதில் வரும் ஒவ்வோர் உறவினரும் யார், எங்கே உள்ளார், உளரா இலரா என்பதைக் கேட்டுக் குறித்தல் முதலாவது. ஒப்பாரியைத் தனியிடத்தில் அமர்த்திப் பாடச் சொல்லாது, உற்றாரும் அண்டை அயலாரும் உடனிருக்கக் கேட்டல் இரண்டாவது. பாடுவோர் உள்ளம் இளகும் பொழுதில் பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டல் மூன்றாவது. தொகுப்பில் ஒரு பாடல் குறைதல் பெரும் இழப்பன்று. கேட்பாரின்றி ஒருத்தி மறைவாளாயின், அவள் பாடாத பாட்டை அவள் பெயர்த்தி சுமக்க நேரும்.

நம்மாழ்வார் பேசாதிருந்த ஆண்டுகளில் அவர் முன்னர்ச் சென்றோர் பலராயிருத்தல் கூடும். வினா எழுப்பியவர் மதுரகவியார் ஒருவரே. வினாவிய பின் அவர் அங்கேயே தங்கினார், கேட்டார், கேட்டதைக் காத்தார். பொருநைக் கரையில் தமிழ் பயில்வோர்க்கு இதனினும் சிறந்த ஆய்வுநெறி வேறில்லை.